பாயில் இருபத்தொன்பது பேர்

மனித குலத்தின் கடல் வரலாற்றை எழுதியவர்கள் எல்லோரும் ஒரே பிழையை விட்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றைக் கடலில் தேடியிருக்கிறார்கள். உண்மையில் அது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் மேல்மாடியில், குளிரூட்டிக்குக் கீழே நடந்தது. நடக்கும்போது நான் அங்கே இருந்தேன். வரவேற்புரையும் நன்றியுரையும் நான்தான்.

என் பெயர் கனகரத்தினம். வடபுலப் பாய்க்கப்பல் மேம்பாட்டுச் சங்கத்தின் செயலாளர். கச்சேரியில், அதாவது அரசாங்கப் பணிமனையில், வேலைக்காலம் முழுவதும் கோப்புகளைக் கரைசேர்த்தவன் என்பதால் இந்தப் பதவி என்னைத் தேடி வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று சங்கத்தின் யாப்பு விதிகளில் இல்லை. யாப்பை எழுதியவன் நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

சங்கத்தில் முப்பத்தொரு பேர். இருபத்தொன்பது பேருக்குப் பதவிகள் இருந்தன. தலைவர், உபதலைவர்கள், போஷகர்கள், ஆலோசகர்கள், ஆலோசகர்களுக்கு ஆலோசனை வழங்கும் மூத்தோர் அவை. மிச்சம் இரண்டு பேர். கொடுப்பதற்குப் பதவி தீர்ந்துவிட்டதால் அவர்களை வள்ளத்தில் ஏற்றிவிட்டோம்.

ஒருவர் பெர்னடெட். குருநகர்க்காரி, கத்தோலிக்க மீனவக் குடும்பம், பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. விசில் ஊதிப் பழகிய வாய் என்பதால் கூட்டத்தில் ஒலிவாங்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும். இது ஒரு குறைபாடு என்று மூத்தோர் அவை பல தடவை சுட்டிக்காட்டியிருக்கிறது. மற்றவர் அருட்செல்வன், பல் வைத்தியர். பாய்க்கப்பல் ஓட்டுவதை முழுக்கக் கைத்தொலைபேசியில் பார்த்துப் படித்தவர். கயிறு ஒன்று கையில் கிடைத்தால் முடிச்சுப் போடாமல் விடமாட்டார். அவிழ்ப்பது பற்றிய காணொளியை இன்னும் பார்க்கவில்லை.

வள்ளத்தின் பெயர் 'புத்தூர் செல்வி'. அதை நோர்வேயில் இருந்து அனுப்பியவர் முத்துக்குமாரு. புத்தூரில் வெங்காயம் செய்த குடும்பத்துப் பிள்ளை. பேர்கன் நகரத்தில் ஆளாகி, அங்கே எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று தானும் ஒரு பாய்க்கப்பல் வாங்கினார். பிறகு மனைவி, கப்பலா நானா என்று கேட்டிருக்கிறார். கப்பல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இயந்திரம் மட்டும் கூடவே வரவில்லை.

முத்துக்குமாரு ஏற்கெனவே ஊருக்கு ஒரு நடமாடும் நூலகப் பேருந்து அனுப்பியவர். அந்தப் பேருந்துக்கு மூன்று தடவை திறப்பு விழா நடந்தது. இன்றுவரை அது நடமாடவில்லை. மாமரத்தின் கீழே நிற்கிறது, கோழிகள் வாசிக்கின்றன. ஆகவே இந்த முறை அவர் காணொளி அழைப்பில் வந்து எங்கள் இருபத்தொன்பது பேரையும் இருத்தி வைத்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"சித்திரை மாதக் கடைசி ஞாயிறு. காரைநகரிலை இருந்து கீரிமலைக்கு. காத்திலை மட்டும் ஓட வேணும். மத்தியானம் பன்ரெண்டு மணிக்கு முன்னம் கீரிமலையிலை நிக்கிறதை நான் என்ரை கண்ணாலை பாக்க வேணும். ஓடினால் வள்ளம் ஓடுற ஆக்களுக்கு. ஓடாட்டில் கீர்த்திகன் கொண்டுபோகட்டும்."

கீர்த்திகன் எங்கள் பொருளாளர், மண்டபத்தின் உரிமையாளர். வள்ளத்தைத் தன் மண்டப வாசலில் நிறுத்தி, மணமக்கள் ஏறிநின்று படம் பிடிக்க வைத்தால் அது வீணாகாது என்று பெருந்தன்மையோடு முன்வந்திருந்தார். அவசரம் ஒன்றும் அவருக்கு இல்லை. வாசலில் சீமெந்துத் தாமரைக் குளத்தை மட்டும் கட்டி முடித்திருந்தார், வள்ளத்தின் அளவுக்கு.

பெர்னடெட்டுக்கு இது பிடிக்கவில்லை. அன்றைய கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"எங்கடை வீட்டிலை நாலு வள்ளம் கிடந்தது. ஒண்டிலையும் என்னை ஏத்தேல்லை, பொம்பிளைப்பிள்ளை எண்டு. இப்ப பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன், சனிக்கிழமையளிலை பாய் பிடிக்கப் பழக்கிறன் எண்டு. அதுகள் சுக்கான் படம் கீறிக்கொண்டு திரியுதுகள். இந்த வள்ளம் தாமரைக் குளத்துக்குப் போச்செண்டால் நான் அதுகளின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. தலைவர் பரமலிங்கம், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "நேரம் காணாது, அடுத்த விடயம்" என்றார். அடுத்த விடயம் தேநீர்.

*

சித்திரையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து மெல்லத்தான் வரும். எங்கள் ஊரில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர் என்பதால் சிற்றுண்டிக் குழு அதை வாங்கியும் வைத்துவிட்டது. காற்று முதுகுப் பக்கமாக இப்படி மெல்ல வந்தால், சாதாரணப் பாயோடு வள்ளம் நகராது. அதற்கென்றே ஒரு பாய் இருக்கிறது. குடைத்துணி மாதிரி மெல்லிய துணியில் செய்தது. வள்ளத்தின் முன்னே புடைத்து நின்று இழுத்துக்கொண்டு போகும். ஆங்கிலத்தில் ஸ்பின்னேக்கர். பெர்னடெட் பலூன் பாய் என்பார். சங்கம் இதற்கு ஒரு கலைச்சொல் உபகுழு அமைத்தது. உபகுழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

புதுப் பாய்க்கு வழியில்லை. திருகோணமலையில் நங்கூரமிட்டிருந்த ஒரு ஜெர்மன் தம்பதி, ஊருக்குத் திரும்புமுன் தங்கள் பழைய பலூன் பாய்கள் மூன்றில் ஒன்றை எங்களுக்குத் தர முன்வந்தார்கள். எது வேண்டும் என்று நாங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும். அருட்செல்வன் மூன்றின் படங்களையும் திரையில் போட்டார். முதலாவது சிவப்பும் மஞ்சளும். இரண்டாவது மிகப் பெரியது, சந்தன நிறம், பந்தயக் கப்பலில் இருந்தது. மூன்றாவது சின்னது, வெளிறியது, நாலைந்து ஒட்டுப் போட்டது. அதோடு ஒரு நீள உறை.

பழைய பொருள் வாங்குவதில் எங்கள் மக்களுக்கு ஒரு மரபு உண்டு. அதைச் சங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. உபதலைவர் ஒருவர் கல்யாணப் பேச்சில் கேட்கும் குரலில் தொடங்கினார்.

"உந்தப் பாய் முதல் ஒரு வள்ளத்தோடை இருந்ததுதானே? ஏன் பிரிஞ்சது?"

"அவை வேற வள்ளம் வாங்கிட்டினம்" என்றார் அருட்செல்வன்.

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம். அயலிலை விசாரிச்சனியளோ?"

"அயலிலை கடல் ஐயா."

பிறகு நிறம். இது நாட்டின் எதிர்காலம் சம்பந்தப்பட்டது என்பதால் ஒன்றரை மணிநேரம் எடுத்தது. பச்சை ஒரு கட்சி. நீலம் இன்னொரு கட்சி. வெறும் சிவப்பு இன்னும் ஒரு கட்சி. காவி என்றால் கோயில் நிறம், குருநகர் கோபிக்கும். வெள்ளை என்றால் செத்தவீடு. சிவப்பையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புலனாய்வுக்காரர் யாராவது வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். முதலாவது பாய் இவ்வாறு ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

"காத்துக்கு நிறம் தெரியாது சேர்" என்றார் பெர்னடெட். "எங்களுக்கு மூண்டாவதுதான் சரி. நாங்கள் ரெண்டு பேர்தானே. உது உறையோடை மேலை ஏறும். பேந்து கயித்தை இழுத்தால் உறை சுருங்கும், பாய் விரியும். காத்துக் கூடினால் உறையை இழுத்து மூடிப்போடலாம். ஒராள் சுக்கானிலை, ஒராள் கயித்திலை. காணும்."

"அப்ப ரெண்டாவது?"

"அது பந்தயப் பாய். கம்பு குடுத்துத் தாங்க வேணும், ரெண்டு பக்கமும் கயிறு பிடிக்க வேணும். ஆறு பேர் இல்லாமல் ஏலாது."

தலைவர் சிரித்தார். விடை தெரிந்த பிள்ளையைப் பார்த்து அதிபர்கள் சிரிக்கும் சிரிப்பு அல்ல, மற்றது.

"ஆக்கள்தானோ பிரச்சினை? பிள்ளை, இஞ்சை முப்பத்தொரு பேர் இருக்கிறம்!"

"வள்ளத்திலை வருவியளோ சேர்?"

இருபத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தோம்.

மூன்றாவது பாயின் ஒட்டுகளைப் பற்றித் தலைவர் மிகுந்த கவலையோடு பேசினார். ஒட்டுப் போட்ட பாயோடு போனால் கடலில் போகிறவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? முத்துக்குமாருவின் மாமனார் வீட்டுக்காரர் பேர்கனில் என்ன கதைப்பார்கள்? கடைசியாக மூத்தோர் அவையில் ஒருவர் எழுந்து, எல்லோர் மனத்திலும் இருந்ததைச் சொன்னார்.

"சின்னப் பாயிலை இடம் காணாது. பெரிசிலை எண்டால் எல்லாற்றை பேரும் எழுதலாம்."

வாக்கெடுப்பு நடந்தது. பெரிய பாய்க்கு இருபத்தொன்பது. சின்னப் பாய்க்கு இரண்டு. ஜனநாயகம் கடலைவிட ஆழமானது என்று நான் நன்றியுரையில் குறிப்பிட்டேன்.

பாய் வந்து சேர்ந்தது. அழுக்குப் படாமல் இருக்க ஜெர்மன்காரர் அதை வேறொரு பழந்துணியில் சுற்றி, அதையும் ஒரு நீள உறைக்குள் போட்டு அனுப்பியிருந்தார்கள். சுற்றியிருந்த துணி எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வெளிறிய துணி, நாலைந்து ஒட்டு. பெர்னடெட் அதைக் கண்டதும் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதை நாங்கள் முதன்முதலாக அன்றுதான் பார்த்தோம். நிறைவாக இருந்தது.

*

எங்கள் நாட்டில் உபயம் என்று ஒரு பண்பாடு இருக்கிறது. கோயிலுக்கு ஒரு குழல்விளக்குக் கொடுத்தாலும் அதில் கொடுத்தவரின் பெயர், ஊர், பிள்ளைகளின் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர் எல்லாம் எழுதுவோம். வெளிச்சம் வராது. ஆனால் வெளிச்சம் யாருடையது என்பது தெளிவாகத் தெரியும். இந்தப் பெரும் பண்பாட்டைக் கடலுக்குக் கொண்டுபோன முதல் மக்கள் நாங்கள் என்று சொல்வதில் கூச்சம் எனக்கு இல்லை.

பெயர் ஒழுங்கு பற்றிய பிணக்கில் இரண்டு உபதலைவர்கள் கதைபேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு எல்லாப் பெயரும் ஒரே அளவில் என்று தீர்மானமானது. அதாவது எல்லாம் பெரிய எழுத்தில். கடைப் பெயர்ப்பலகை எழுதுபவர் ஒருவரைப் பிடித்தோம். அவர் துணி வர்ணம் கொண்டுவந்தார். "மழைக்கு நிக்குமோ?" என்று தலைவர் கேட்டார். நிற்காது என்றார். அப்படியானால் வாசல் இரும்புக் கேற்றுக்கு அடிக்கிற எனாமல் அடி என்றோம். ஒரு பூச்சுப் போதாது, தூரத்தில் இருந்து தெரிய மூன்று பூச்சு. மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில், சுற்றி வந்த பழந்துணியை நிலத்தில் விரித்து, அதன்மேல் பெரிய பாயைப் போட்டு எழுதினார். மேலே 'உபயம்: முத்துக்குமாரு குடும்பம், புத்தூர்'. அதன் கீழே பதவிகளோடு இருபத்தொன்பது பெயர்கள். என் பெயர் நடுவில், வயிற்றுப் பக்கம், நன்றாகப் புடைக்கிற இடத்தில். மாலுமிகளின் பெயருக்கும் இடம் விடவேண்டும் என்று அருட்செல்வன் கேட்டார். அவர்கள் எப்படியும் பாயின் கீழேதானே நிற்கிறார்கள், தனியாக எழுத வேண்டுமா என்று தலைவர் விளக்கினார்.

காய்ந்ததும் பெர்னடெட் வந்து பாயைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. அருட்செல்வனும் சேர்ந்து தூக்கினார்.

"சேர், இது பாய் இல்லை. கல்வெட்டு."

"என்ன பிள்ளை உப்பிடிச் சொல்லுறாய்? கல்வெட்டு செத்தவைக்கு அடிக்கிற நினைவுப் புத்தகமெல்லோ, உயிரோடை இருக்கிற ஆக்களுக்கு அடிக்கிறதோ?"

"அதுதான் நானும் கேக்கிறன். இந்தக் காத்து ஒரு சீலையைத் தூக்கும். இருபத்தொன்பது பேரைத் தூக்குமோ? சுரண்டித் தாருங்கோ சேர். உங்கடை பேரை மட்டும் விட்டிட்டுச் சுரண்டுங்கோ."

தலைவர் ஒரு கணம் இந்த யோசனையைப் பரிசீலித்தது உண்மை. மற்ற இருபத்தெட்டுப் பேரும் பக்கத்தில் நின்றதால் கைவிட்டார்.

பெர்னடெட் மேலே ஒன்றும் கதைக்கவில்லை. நிலத்தில் கிடந்த பழந்துணியைக் காட்டி, "உது உங்களுக்கு வேணுமோ?" என்று மட்டும் கேட்டார். வர்ணம் சொட்டிய துணி. எங்கள் பெயர்களின் சொட்டுகள்கூட அதில் வாசிக்க முடியாதபடி கலைந்திருந்தன. "கொண்டுபோ, உறையையும் கொண்டுபோ, குப்பை குறையும்" என்றார் கீர்த்திகன். சங்கம் மாலுமிகளுக்குச் செய்த உதவிகளில் இது தலையாயது.

*

வெள்ளோட்ட நாள் காலை ஏழு மணிக்கு வள்ளம் காரைநகர்க் கடற்கரையில் தயாராக நின்றது. காற்று மெல்ல வந்தது. போயிருக்கலாம். ஆனால் நிறைகுடம் வைக்காமல் போகலாமா? நிறைகுடம் வைத்தோம், குத்துவிளக்கு ஏற்றினோம். குருநகரை மறக்கவில்லை, மெழுகுதிரியும் ஏற்றினோம். காற்று இரண்டையும் அணைத்தது, திரும்ப ஏற்றினோம். ஆசியுரை, வாழ்த்துரை, தலைமையுரை. பெர்னடெட் இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று உரைகளையும் கேட்டார். வள்ளம் புறப்பட்டபோது ஒன்பதரை தாண்டியிருந்தது.

மற்றவர்கள் எல்லோரும் குளிரூட்டிய வாகனங்களில் கீரிமலைக்குப் போனார்கள். முத்துக்குமாருவுக்கு நேரலையில் காட்ட ஒரு ஆள் கடலில் போக வேண்டும் என்று சொல்லி, என்னை ஒரு மீன்பிடிப் படகில் ஏற்றினார்கள். ஓட்டியவர் பெர்னடெட்டின் தம்பி ஜெறோம். நான் இரண்டு உயிர்காப்பு அங்கிகள் போட்டிருந்தேன். ஒன்று செயலாளருக்கு, ஒன்று கனகரத்தினத்துக்கு.

கடலில் காற்று இன்னும் மெலிந்தது. 'புத்தூர் செல்வி' அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை. பெர்னடெட் கத்தினார்: "அருள், பெரிசைக் கட்டுவம். தந்தவையின்ரை மனம் நோகக்கூடாது. ஒருக்காப் பாப்பம்."

இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்கள். பாய் பாதிப் பாய்மரம் ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை. வெயிலில் இளகிய எனாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பாய் விரியாமல், இடுப்பில் நனைந்த சாரம் மாதிரி தொங்கியது. இருபத்தொன்பது பேரில் ஒருவர் பெயர் மட்டும் வெளியே தெரிந்தது. என் பெயர். தலைகீழாக.

"எங்கை, பாய் எங்கை?" என்று பேர்கனில் இருந்து முத்துக்குமாரு கேட்டார்.

"அரைக்கம்பத்திலை" என்றான் ஜெறோம்.

பிறகு அது கடலில் விழுந்தது. பாய் தண்ணீர் குடித்தது, கனத்தது, வள்ளத்தை அப்படியே பிடித்து நிறுத்தியது. பாறையே இல்லாத இடத்தில் நங்கூரமாக நின்ற முதல் பாய் இதுவாகத்தான் இருக்கும். அருட்செல்வன் அதை விடுவிக்கப் பார்த்தார். அவருடைய முடிச்சு அவிழவில்லை. பெர்னடெட் கத்தியை எடுத்தார்.

"அக்கா, பெரிய ஆக்களின்ரை பேர் கிடக்கு!" என்று அருட்செல்வன் தடுத்தார்.

"ஆக்கள் பாரமெண்டு தெரியும். பேருமோ இவ்வளவு பாரம்!"

கயிற்றை அறுத்துவிட்டார். ஜெறோம் எங்கள் படகைக் கிட்டக் கொண்டுபோய், அந்தப் பாயை இழுத்து ஏற்றி என் மடியில் போட்டான். அப்போது மணி பத்தரை. கீரிமலை இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. பெர்னடெட் சுக்கானைப் பிடித்தபடி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. மடியில் இருபத்தொன்பது பேரின் பாரம், நெஞ்சில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

அப்போது அவர் காலடியில் இருந்து அந்த நீள உறையை எடுத்தார். நீளமான காலுறை மாதிரி அது மரத்தில் ஏறியது. ஒரு ஆள் இழுக்கவே ஏறியது. உச்சிக்குப் போனதும் பெர்னடெட் மெல்லிய கயிறு ஒன்றை இழுத்தார். உறை மேலே சுருங்கச் சுருங்க, கீழே ஒட்டுகளும் வர்ணச் சொட்டுகளுமாய் அந்தப் பழந்துணி வெளியே வந்தது. ஒரு தடவை படபடத்தது. பிறகு, எங்கிருந்தோ வந்த அந்தச் சின்னக் கச்சான் காற்றை முழுக்க உள்ளே எடுத்துக்கொண்டு, புடைத்து நின்றது.

வள்ளம் போனது. சும்மா போகவில்லை, முன்னால் தண்ணீர் சிரிக்கச் சிரிக்கப் போனது. பெர்னடெட் ஊதினார் பாருங்கள் ஒரு விசில், காரைநகர்க் காகங்கள் எல்லாம் எழும்பியிருக்கும். அருட்செல்வன் கையில் கயிறு இருந்தும் முடிச்சுப் போட மறந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். செயலாளர் என்ற முறையில் அல்ல. தட்டியதில் தொலைபேசி விழப்பார்த்தது. முத்துக்குமாருவுக்குக் கொஞ்ச நேரம் என் செருப்புத் தெரிந்ததாம்.

*

கீரிமலையில் ஏற்பாடுகள் நிறைவாக இருந்தன. கரையோரத் தீர்த்தக் கேணிக்கு நேரே கடலில் இரண்டு தோணிகளை நிறுத்தி, அவற்றுக்கு நடுவே சிவப்பு நாடா ஒன்று கட்டப்பட்டிருந்தது. வள்ளம் வந்து நிற்க, பிரதம விருந்தினர் மூன்றாவது தோணியில் வந்து நாடாவை வெட்ட, அதன்பின் வள்ளம் எல்லைக்கோட்டைத் தாண்டும். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் இருந்தது. ஒரே ஒரு சிறு தடை. பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை. வேறொரு இடத்தில் வேறொரு நாடாவோடு இருந்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க, 'புத்தூர் செல்வி' முனையைச் சுற்றி வந்தது. ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் கேட்டது.

"பிள்ளை பெர்னடெட்! நில்லு! கொஞ்சம் நில்லு! பிரதம விருந்தினர் வரேல்லை!"

"சேர், வள்ளத்துக்கு பிரேக் இல்லை!"

"அப்ப ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வா!"

"பத்து நிமிசம்தான் கிடக்கு சேர்!"

"உப்பிடி அவசரப்படக்கூடாது! பன்ரெண்டரைக்கு வந்திடுவார்!"

மேடைக்குப் பக்கத்தில் கீர்த்திகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் தாமரைக் குளம் தெரிந்தது. கேணியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஈரத்தோடு மதிலில் ஏறிவிட்டார்கள். "விடுங்கோவன் அந்தப் பிள்ளையை!" என்று தலையில் துவாயோடு ஒருவர் கத்தினார். அவர் சங்க அங்கத்தவர் அல்ல.

பெர்னடெட் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் படகு பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. "கனகரத்தினம் அண்ணை, என்ன செய்ய?" என்று கேட்டார். கச்சேரியில் இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்கு, மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றே பதில் சொன்னவன் நான். அன்றும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு அங்கியும் நெரித்ததில் சத்தம் வரவில்லை. என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வள்ளம் நேரே போய் நாடாவில் மோதியது. நாடா அறுந்து முன்பக்கத்தில் சுற்றிக்கொள்ள, மாலை போட்ட மணப்பெண் மாதிரி 'புத்தூர் செல்வி' கீரிமலைக் கடலில் நுழைந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். மதிலில் நின்ற சனம் எல்லாம் ஆரவாரம். தொலைபேசியில் முத்துக்குமாரு, "ஓடுது! ஓடுது! என்ரை அப்பாவின்ரை கிணத்துத் துலாக்கூட இப்பிடி ஓடேல்லை!" என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

பிரதம விருந்தினர் ஒன்றேகாலுக்கு வந்தார். அதற்கிடையில் அவசரக் கூட்டம் ஒன்று கூடி, திறந்து வைக்கப்படாத எல்லைக்கோட்டைத் தாண்டியது செல்லாது என்று தீர்மானித்திருந்தது. தலைவர் என் தொலைபேசியை வாங்கிக் கனிவோடு விளக்கினார்.

"தம்பி முத்துக்குமாரு, நீங்கள் பாத்தது ஒத்திகை."

"அப்பிடியோ சேர்? ஒத்திகையே எனக்குக் காணும். வள்ளம் ஓடின ஆக்களுக்கு. விழாவை நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ."

வைத்துக்கொண்டோம். நாடா திரும்பக் கட்டப்பட்டு, தரையில் வைத்தே வெட்டப்பட்டது. பெர்னடெட்டை மேடைக்கு அழைத்தோம். அவர் பாயைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்ததால் வரவில்லை. அவருக்கான பொன்னாடையைத் தலைவருக்கே போர்த்தினோம்.

*

இப்போது சனிக்கிழமைகளில் குருநகர்க் கடலில் 'புத்தூர் செல்வி' ஓடுகிறது. சுக்கானில் ஒரு சின்னப் பெண், கயிற்றில் இன்னொரு சின்னப் பெண், மேலே ஒட்டுப் போட்ட பாய். அந்தப் பாயில் யாருடைய பெயரும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது யாருடைய உபயம் என்றே தெரியாது. இது ஒரு பெரிய குறை என்று நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் பதிவு செய்கிறோம்.

எங்கள் பாய் வீணாகவில்லை. அதைக் கொக்குவில் மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கிறோம். மணப்பெண்ணின் தலைமயிர் பறக்கப் படப்பிடிப்புக்காரர் வைத்திருக்கும் பெரிய மின்விசிறியைப் போட்டால் அது கொஞ்சம் அசையும். அதன் முன்னே கதிரைகளில் உட்கார்ந்திருந்தால், இருபத்தொன்பது பேரும் எங்கேயோ முன்னேறிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

போன மாதக் கூட்டத்தின் நடுவில் பெர்னடெட் தொலைபேசியில் வந்தார். "பிள்ளையள் கூடீட்டினம். ஞாயிற்றுக்கிழமை முதல்முறையா நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போறன். அருளுக்குச் சுகமில்லை. கயிறு பிடிக்க ஒரேயொரு பெரிய ஆள் காணும். உங்களிலை ஆரும் வாறியளோ?"

சங்கம் இதை மிகுந்த பொறுப்போடு எடுத்துக்கொண்டது. உடனே 'கயிறு பிடிப்போர் பிரிவு' என்று ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. அதற்குத் தலைவராக, கடல் அனுபவம் உள்ள ஒரே உத்தியோகத்தர் என்ற வகையில், நான் ஏகமனதாகத் தெரிவானேன். கரகோஷம் அடங்க வெகு நேரம் எடுத்தது. "வாறன் பிள்ளை, ஓம், வாறன்" என்று நானே தொலைபேசியில் சொன்னேன்.

ஞாயிறு காலை குருநகர்க் கரையில் பிள்ளைகள் எனக்காக வெகுநேரம் காத்திருந்தார்களாம். போக முடியவில்லை. புதுப் பதவியோடு என் பெயரைப் பாயில் இரண்டாவது தடவை எழுத அன்றுதான் வர்ணக்காரர் வந்தார். எழுத்துப் பிழை வராமல் பார்க்கப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாமா? இருபத்தொன்பது பேரும் நின்றோம். அந்த வேலைக்கு எங்கள் சங்கத்தில் ஆள் பற்றாக்குறை ஒருநாளும் வந்ததில்லை.